மந்திரம் தெரியாதவன்

— அண்ணே, அதைக் கிழிக்காதீங்க.

— நீ எப்பம்மா வந்தே? ஷட்டரைப் பாதி இறக்கித்தானே வச்சிருந்தேன்.

— குனிஞ்சு வந்தேன். அவரும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் இப்படித்தானே குனிஞ்சு வருவாரு. கையில இருக்கிறதை முதல்ல கீழ வைங்க.

— வச்சுட்டேன். உட்காரும்மா. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல இருக்கிற நாற்காலியில உட்காரு. யூனிஃபார்மோட வந்திருக்கியே, டூட்டியா?

— ரெண்டு மணிக்கு என் வண்டி. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. மருந்துக்கடைக்காரரு நேத்து என் பஸ்ல ஏறினாரு. கதைக்காரர் ஆட்டத்தையே மூடப் போறாராம், எல்லாத்தையும் கிழிச்சுப் போடப் போறாராம், ஒரு மாசமா யார் போனையும் எடுக்கலையாம்.

— அவனுக்கு வாய் சும்மாவே இருக்காது.

— அவருதானே உங்க ஆட்டத்துல வைத்தியரு? மந்திரம் சொல்லிக் காயம் ஆத்துறவரு. டிக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு அழுதாரு. பின்னாடி இருந்தவங்க சில்லறைத் தகராறுன்னு நினைச்சுட்டு, பாவம் கொடுத்துடும்மான்னு என்னைத் திட்டினாங்க.

— ம்... தண்ணி குடிக்கிறியா?

— வேணாம். இது என்ன தாளு?

— உன் புருஷனோட ஆள். அதாவது, ஆட்டத்துல அவன் யாரா வந்தானோ அந்த ஆளோட விவரம். உடம்பு வலு எவ்வளவு, எத்தனை அடி தாங்குவான், பையில என்ன இருக்கு, எல்லாம் பென்சில்ல எழுதுவோம். அவனோடது அழிச்சு அழிச்சு நடுவுல ஓட்டையே விழுந்துருச்சு பாரு. மூணு தடவை புதுசா ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். வேணாம், இதுவே இருக்கட்டும்னுட்டான்.

— உள் பனியனுக்கும் அதேதான் சொல்லுவாரு.

— சிரிக்கிறியே தங்கச்சி.

— பின்ன? வீட்டுல எல்லாரும் என் முன்னாடி வாயை மூடிக்கிட்டே நடக்குறாங்க. எனக்கு அவரைப் பத்திச் சாதாரணமா பேச ஒரு ஆள் வேணும். நீங்க வருவீங்கன்னு பார்த்தேன். சாவுக்கு வந்து தெருமுனையில நின்னுட்டு அப்படியே திரும்பிட்டீங்க. நான் பார்த்தேன்.

— உள்ள வர்றதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

— என்ன பேச்சு இது?

— உன் மாமியார் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. அந்த விளையாட்டுதான் என் பிள்ளை புத்தியைக் கெடுத்துச்சு, தன்னை யாரோ ராஜா காலத்து வீரன்னு நினைச்சுட்டுப் போய் மாட்டிக்கிட்டான்னு.

— அவங்க பெத்தவங்க. யார் மேலயாவது கோவப்பட்டாத்தான் அவங்களால ஒரு வாய் சாப்பிட முடியுது. மொதல்ல கம்பெனியைத் திட்டினாங்க, அப்புறம் என்னை, இப்ப உங்களை. அடுத்த வாரம் வேற யாராவது கிடைப்பாங்க.

— அவங்க சொன்னது தப்பில்லைம்மா. அதைத்தான் சொல்ல வர்றேன். அவனை நான்தான் கொன்னேன்.

— அண்ணே.

— இரு, முழுசாக் கேளு. கேட்டுட்டு நீயே இந்தத் தாளைக் கிழிப்பே. இந்த ஆட்டம் எப்படி நடக்கும்னு உனக்குத் தெரியுமா?

— நாலஞ்சு பேரு மேஜையைச் சுத்தி உட்கார்ந்து அஞ்சு மணி நேரம் பேசுவீங்க. அவ்வளவுதான் தெரியும். ஏழு வருஷமா கேட்டும் அதுக்கு மேல புரியலை.

— அதாவது, கதை நான் சொல்லுவேன். காடு, கோட்டை, சுரங்கம். அவங்க அதுக்குள்ள போற ஆளுங்க. என்ன செய்யப் போறேன்னு அவங்க சொல்லணும், அது நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும். இருபது முகம் உள்ள பகடை. எதிரி பக்கத்துப் பகடையை நான் உருட்டுவேன்; பெரிய நம்பர் விழுந்தா இவங்களுக்கு ஆபத்து. இதோ, இந்த அட்டையை மறைப்பா நிறுத்தி வச்சுக்கிட்டு, இதுக்குப் பின்னாடி. என்ன விழுந்துச்சுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயால சொல்றதை அவங்க நம்பணும்.

— சரி.

— ஆளுங்கள்ல ரெண்டு வகை. மந்திரம் தெரிஞ்சவங்க, தெரியாதவங்க. மந்திரவாதி நெருப்பை வரவழைப்பான், பறப்பான். வைத்தியன் சாகக் கிடக்கிறவனைக்கூட எழுப்புவான். மந்திரம் தெரியாதவங்கன்னா போர்வீரன், திருடன், வேட்டைக்காரி, இப்படி. கைகாலை நம்பிப் பிழைக்கிறவங்க. புதுசா வர்ற எவனும் போர்வீரனை எடுக்க மாட்டான். இவன் வந்த அன்னிக்கே எடுத்தான். ஒரு வாள், ஒரு கேடயம். மாத்திக்கோடான்னு நானே கேட்டிருக்கேன்.

— நானும் கேட்டேன். வேலையிலதான் கோல்ட் ஸ்டோரேஜ் கம்ப்ரஸரைக் கட்டிக்கிட்டு அழறீங்க, விளையாட்டுலயாவது பெரிய ஆளா இருக்கக்கூடாதான்னு.

— என்ன சொன்னான்?

— மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு நாலே மந்திரமாம். அது தீர்ந்துட்டா படுத்துத் தூங்கி எழுந்தாத்தான் திரும்ப வருமாம். எனக்குத் தீர்றதுக்கு ஒண்ணும் இல்லடி, அதனால லீவும் இல்லை, நம்ம ஷிப்ட்டு மாதிரியேன்னாரு.

— அவனேதான். அப்படியே அவன் பேசுற மாதிரி இருக்கு.

— நீங்க சொல்ல வந்ததைச் சொல்லுங்க.

— அந்தக் கேடயக்காரன் நாலு வருஷமா ஒரே வேலைதான் செஞ்சான். கூட்டம் தப்பிச்சு ஓடணும்னா, நீங்க போங்க, நான் கதவை மறிச்சு நிக்கிறேன்னுடுவான். ஒவ்வொரு வாரமும். அதுல அவன் செத்திருக்கணும்மா. ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை, கணக்கே கிடையாது. பதினெட்டு விழும், நான் மூணுன்னு சொல்லுவேன். அடி பலமா விழும், உரசிட்டுப் போச்சுன்னு சொல்லுவேன். அவனுக்கு உயிர் ரெண்டு பாயிண்ட் மிச்சம் இருக்கும், அதோட தட்டுத் தடுமாறி வெளிய வந்துடுவான். எல்லாரும் கை தட்டுவாங்க. எவ்வளவு அதிர்ஷ்டக்காரன் பாருன்னு மருந்துக்கடைக்காரன் கட்டிப் பிடிச்சுக்குவான்.

— ம்.

— அவன் போறதுக்கு முந்தின நாள் ஞாயித்துக்கிழமை. சுரங்கத்துல தண்ணி ஏறுது. மூணு பேரையும் மேல ஏத்திவிட்டுட்டு இவன் கீழ நின்னான். நான் உருட்டினேன். இருபது விழுந்துச்சு. அதுக்கு மேல கிடையாது, ஆள் அதோட முடிஞ்சான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கை நழுவுச்சு, ஆனா ஒரு வேர் பிடிபட்டுதுன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே எழுந்து டீ சொல்லிட்டு வந்தான். மறுநாள் காலையில கம்பெனியில அம்மோனியா குழாய் விட்டு, விஷவாயு பரவிருச்சு.

— பத்து இருபதுக்கு.

— நாலு வருஷமா, நீ உள்ள போனாலும் சாக மாட்டேடான்னு வாராவாரம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். வேற என்ன செஞ்சேன் நான்? ஒரே ஒரு தடவை உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தா, செத்தா செத்ததுதான்னு அவன் மனசுல பதிஞ்சிருக்கும். மூணாவது தடவை உள்ள போகாம நின்னிருப்பான்.

— அங்க என்ன நடந்துச்சுன்னு யார் உங்களுக்குச் சொன்னா?

— பேப்பர்ல நாலு வரி போட்டிருந்தான்.

— நான் சொல்றேன். பெட்டி கட்டுற பொண்ணுங்க ஆறு பேரு உள்ள இருந்தாங்க. கேஸ் முகமூடி ஒண்ணே ஒண்ணு. மாட்டிக்கிட்டு மொதல் தடவை மூணு பேரைக் கூட்டிட்டு வந்தாரு. ரெண்டாவது தடவை ரெண்டு பேரு. இன்னொரு பொண்ணு எங்கன்னு கேட்டாரு, கடைசி ரூம்லன்னு யாரோ சொன்னாங்க. முகமூடி இனி ரொம்ப நேரம் தாங்காதுன்னு தெரிஞ்சும் போனாரு. அந்தப் பொண்ணு அதுக்கு முன்னாடியே பின்வாசல் வழியா வெளிய வந்து ரோட்டுல உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கிட்டு இருந்திருக்கா.

— தங்கச்சி...

— அந்தப் பொண்ணு தினமும் வீட்டுக்கு வர்றா. என் பாத்திரத்தை எல்லாம் கழுவி வச்சுட்டுப் போறா. வேணாம்னா கேக்க மாட்டேங்கிறா. நான் யாரைத் திட்டறது, சொல்லுங்க.

— என்னைத் திட்டு. அதுக்குத்தான் சொன்னேன்.

— எதுக்காக மாத்திச் சொன்னீங்க? ஆட்டத்துல ஒரு ஆள் செத்தா இன்னொரு தாள் எடுத்து எழுதிக்கலாம்தானே?

— எழுதிக்கலாம்.

— அப்புறம்?

— என் தம்பியைப் பார்த்திருக்கியா நீ?

— கல்யாணத்துக்கு வந்தாரு. என் அக்கா பொண்ணுக்கு வாட்ச்சை மறைச்சு வித்தை காட்டினாரே, அவருதானே?

— அவனேதான். ஆட்டத்துல அவன் திருடன். அவனுக்கும் மந்திரம் கிடையாது. பூட்டைத் திறப்பான், சுவர் ஏறுவான், எவன் பையிலயாவது கையை விட்டுட்டு அப்பாவியா நிப்பான். மூணு வருஷம் வளர்த்த ஆள். ஒரு ஞாயித்துக்கிழமை, பூட்டுல விஷ ஊசி இருந்துச்சு. பகடை காலை வாரிடுச்சு. செத்துட்டான்னு சொன்னேன். அண்ணே, ஒரே ஒரு தடவை விட்டுடேன்னான். பகடை சொன்னா சொன்னதுதான், உனக்கு ஒரு நியாயம் அடுத்தவனுக்கு ஒரு நியாயமான்னேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன். பெரிய நீதிபதி மாதிரி. அவன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு எழுந்து போனான். நாலு நாள் என்கூடப் பேசலை. நானும் பேசலை. சின்னவன்தானே, தானா வரட்டும்னு விட்டுட்டேன். வியாழக்கிழமை காலையில லாரி.

— தெரியும் அண்ணே.

— சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாம்மா. ஒரே ஒரு தடவைன்னு. விட்டிருந்தா எனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்? அதுக்கப்புறம் என்னால முடியலை. அட்டைக்குப் பின்னாடி கெட்ட நம்பரைப் பார்த்தாலே கை தானா மூடிக்கும், வாய் வேற நம்பரைச் சொல்லிடும். தம்பிக்குச் செய்யாததை எல்லாருக்கும் செஞ்சேன். செஞ்சு என் நண்பனைத் தொலைச்சுட்டேன். இப்பச் சொல்லு, கிழிக்கட்டுமா?

— இங்க கொடுங்க அதை.

— கிழிச்சுடு.

— கிழிக்க இல்லை. ஒரு விஷயம் சொல்லணும். சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். ஆனா நீங்க இப்படி உட்கார்ந்து தாளைக் கிழிச்சுக்கிட்டு இருக்கிறதைப் பார்த்தா அவரே சொல்லித் தொலைன்னுதான் சொல்லுவாரு. அவருக்குத் தெரியும் அண்ணே.

— என்ன தெரியும்?

— நீங்க மாத்திச் சொல்றது.

— வாய்ப்பே இல்லை. ஒருத்தருக்கும் தெரியாது.

— பதினோரு வருஷம் மணிக்கு ஒரு தடவை மீட்டர் பார்த்து நோட்டுல எழுதின ஆளு அவரு. ஒரு நம்பர் இருக்க வேண்டிய இடத்துல இல்லன்னா அவருக்குத் தூக்கம் வராது. மத்தவங்களை ஓநாய் கடிச்சா உயிர் பாயிண்ட் எட்டு, ஒம்பதுன்னு போகுதாம். இவரு சாகப் போற நேரத்துல மட்டும் அந்த ஓநாய்க்குப் பல்லே இல்லாமப் போயிடுதாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. இன்னிக்கு ரெண்டு தடவை செத்துட்டேண்டி, சாப்பாடு போடுன்னுவாரு.

— எப்பலேருந்து தெரியும்?

— மொதல் மாசத்துலயே.

— அப்ப... அந்தச் சுரங்கத்துத் தண்ணி?

— வேர் கதையா? அதையும் சொன்னாரு. மூச்சுத் திணறி முடிஞ்சிருக்க வேண்டியவன், இந்த ஆளு எங்கிருந்தோ ஒரு வேரைக் கொண்டுவந்து கையில கொடுத்துட்டாருன்னாரு. அதனால, சாக மாட்டோம்னு நம்பி அவரு உள்ள போனாருன்னு நினைக்காதீங்க. மறைப்புக்குப் பின்னாடி நீங்க இல்லன்னு அவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் மூணாவது தடவை போனாரு. எனக்கு அதுதான் அண்ணே கோவம். தெரியாமப் போயிருந்தா, பாவம் மனுஷன்னு அழுதுட்டு விட்டுடலாம். தெரிஞ்சே போயிட்டாரு. என்னைப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சிருந்தா நின்னிருப்பாரோன்னு பஸ்ல டிக்கெட் கிழிக்கிறப்பக்கூட ஓடிக்கிட்டே இருக்கு.

— நினைச்சிருப்பான்மா. நினைக்காமலா இருப்பான்.

— ஆறுதல் எல்லாம் வேணாம். அது என்கிட்ட இருக்கட்டும். அதை உங்க தலையில தூக்கி வச்சுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

— நாலு வருஷம் தெரிஞ்சுக்கிட்டு ஒரு வார்த்தை கேக்கலையே அவன். ஏன்டா ஏமாத்துறேன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

— கேட்டா நீங்க நிறுத்திடுவீங்கன்னு பயந்தாரு. அதுக்குத்தான் என்கிட்ட வாக்கு வாங்கினாரு.

— எனக்குப் புரியலை. எல்லாம் பொய்னு தெரிஞ்சா அதுல என்ன ஆட்டம் இருக்கு? எதுக்காக வாராவாரம் வந்து அந்தக் கதவை மறிச்சு நின்னான்?

— உங்க தம்பி இருந்தப்ப அவரு அப்படி முன்னாடி போய் நிப்பாரா?

— அப்ப எங்க நின்னான்? கேடயத்தை வச்சுக்கிட்டு வேட்டைக்காரிக்குப் பின்னாடி பதுங்குவான். என் தம்பி அதைச் சொல்லியே அவனை ஓட்டுவான். அதுக்கப்புறம்தான்... தங்கச்சி, அதுக்கப்புறம்தான் அவன் முன்னாடி வந்தான்.

— ஞாயித்துக்கிழமை செருப்பை மாட்டிக்கிட்டே என்கிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்புவாரு, ‘தம்பியைப் பறிகொடுத்த மனுஷன், போய் அவரு கையால ஒரு தடவை பொழைச்சுட்டு வந்துடறேன்’னு.