உலை ஆறுமுன் திறக்க மறுத்த சைதூன் பீவி அம்மையாருக்கு

பீங்கானைப் பீங்கானோடு பிணைத்த பெருந்திறலே! பொய்யோடு ஒருபோதும் பிணையாத பேருள்ளமே! இலத்தூர்த் தொழிற்சாலையின் இணைப்புப் பிரிவை நெடுங்காலம் நடத்திய பொறியாளர் சைதூன் பீவி அம்மையாரே, வணக்கம்! தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் நிர்வாகம் விழா எடுக்கவில்லை. ஆதலால் குற்றாலத்தில் இந்தக் கூடத்தை நாங்களே பிடித்தோம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தடுப்பீர்கள்; எனவே அவையோருக்கே சொல்கிறோம்.

இரு பீங்கான் குழாய்களின் நடுவே கண்ணாடித்தூள் பசையைத் தடவி, உலையில் உருக்கி, காற்றும் கசியாமல் ஒட்டவைப்பது அம்மையாரின் பணி. உருகிய கண்ணாடி மெல்ல மெல்ல ஆறவேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு சாரல் நாளில், சரக்கேற்ற லாரி வந்து நிற்க, முதலாளி உலையை உடனே திறக்கச் சொன்னார்.

“இப்ப எடுத்தா உள்ளுக்குள்ள கீறல் விழும், சார். வெளிய தெரியாது. நான் திறக்க மாட்டேன்.”

மறுத்துவிட்டு அவர் வீடு திரும்பியபின், அடுத்த ஷிப்டு ஆட்களைக் கொண்டு முதலாளி திறக்க வைத்தார். மறுநாள் காலை அம்மையார் உள்ளே நுழைகையில், அழுத்தச் சோதனை மேசையில் ஒரு குழாய் வெடித்தது. சில்லு, சோதனைத் தொழிலாளி முப்பிடாதியின் கழுத்தில் பாய்ந்தது. அம்மையார் தம் சேலைத் தலைப்பால் காயத்தைப் பொத்திப் பிடித்தபடியே தென்காசி ஆஸ்பத்திரிவரை போனார். உயிர் வழியிலேயே போய்விட்டது. மருத்துவர் சொன்ன பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

முப்பிடாதி முகத்தையும் கழுத்தையும் மறைக்கும் கவசம் அணியாததே காரணம் என்றது நிர்வாகம். அவர் மனைவி சங்கரேஸ்வரி அம்மையாரிடம் கேட்டார்: “அக்கா, அவுக கவனமில்லாம செத்தாகன்னு சொல்லுதாங்களே, நெசமா?”

“இல்லட்டி. கவசமே வாங்கித் தரல. எங்கன கூப்பிட்டாலும் வந்து சொல்லுதேன்.”

சொன்னார்! விசாரணை அதிகாரி முன்னே, முதலாளியின் முகத்தைப் பார்த்தே சொன்னார்! சங்கரேஸ்வரிக்கு இழப்பீடு கிடைத்தது. அம்மையாருக்குக் கிடைத்தது, பொட்டலம் கட்டும் கொட்டகையில் ஒரு நாற்காலி. உலைப்பக்கம் போகத் தடை. மகன் அல்தாப் துபாயிலிருந்து, “வேலைய விட்டுட்டு இங்கன வாங்க உம்மா” என்று கெஞ்சினார்.

“நான் போயிட்டா, தப்பு முப்பிடாதி மேலதான்னு மறுபடியும் பேச்சாயிரும்” என்று மறுத்து, பணி முடியும்வரை அந்த நாற்காலியிலேயே இருந்தார்.

கல்யாண வீட்டு வேட்டுச் சத்தம் கேட்டாலும் அவர் கை தம் கழுத்துக்குப் போவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அஞ்சா நெஞ்சே! அறத்தின் துணையே! நூறாண்டு நலமாய் வாழ்க என்று வாழ்த்துவதற்கு முன், ஒன்றை மட்டும் வேண்டுகிறோம்: அந்த வெடிச்சத்தம் கேளாத ஓர் உறக்கம் தங்களுக்கு வாய்க்கட்டும்!

தங்கள் அன்பை மறவா,
இணைப்புப் பிரிவுத் தொழிலாளர்கள்