கடைசி வீட்டுக்குப் போன படகு

ராத்திரி ரெண்டே முக்கால். தண்ணி டேங்க் மேட்டுக்குப் போற ரோடு. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் முள்ளு. ஒரு கம்பத்துலயும் விளக்கு எரியல. கொட்டுற மழையில ஒரே ஒரு பழைய வேன் மட்டும் முக்கி முக்கி மேல ஏறிக்கிட்டிருக்கு...

ஏய், முதல்ல அந்த ஜன்னலைச் சாத்து. நடுவுல யாரும் எந்திரிச்சுப் போகக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் பாத்ரூமுக்குத் துணைக்கு வான்னு என் உயிரை வாங்காதீங்க.

வேனை ஓட்டினது என் ஃப்ரெண்டோட சித்தப்பா. தொழில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஆனா எல்லாரும் அவரைக் கூப்பிடுறது ‘கன்ட்ரோல்’னுதான். மனுஷனுக்கு ஹாம் ரேடியோ பைத்தியம். லைசென்ஸ் எடுத்து, மொட்டை மாடியில ஏரியல் கம்பி கட்டி, முன்னப்பின்ன தெரியாதவங்க கூடயெல்லாம் மணிக்கணக்கா பேசிக்கிட்டிருப்பார். “வீட்டுல கேஸ் தீர்ந்துபோனதே தெரியாது, இவரு கன்ட்ரோலாம்!”னு சித்தி கிண்டல் பண்ணுவாங்க.

வெள்ளம் வந்தா மட்டும் கதையே வேற. கரண்ட் போயிடும், டவர் படுத்துடும், போனை வச்சுக்கிட்டு முகம் பார்க்க வேண்டியதுதான். அப்போ இந்த நாலஞ்சு ரேடியோ செட்டுதான் ஒரே வழி. ஆஸ்பத்திரியில ஒண்ணு, ஃபயர் ஸ்டேஷன்ல ஒண்ணு, படகுல ஒண்ணு, இப்படி. எல்லாம் ஒரே லைன். ரெண்டு பேர் சேர்ந்து பேசினா ரெண்டுமே கேக்காது. அதனால ஒருத்தர் நடுவுல இருந்து, நீ பேசு, நீ பொறுன்னு முறை வைக்கணும். அவர்தான் கன்ட்ரோல். அவர் ‘காத்திருங்க’ன்னு சொல்லிட்டா, திரும்பக் கூப்பிடுற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. உயிரே போனாலும் சரி.

பேச்சுக்குச் சொல்லல... நிஜமாவே போயிருக்கு.

இந்த வேன் ராத்திரிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வெள்ளம். தாழ்வான தெருவுல, கடைசி வீட்டுல, ஒரு தையல்கார அக்கா. தனி ஆள். அவங்களும் லைசென்ஸ்காரங்க, ஒரு சின்ன செட்டு வச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரிக்காரர் மருந்து லிஸ்ட் சொல்லிக்கிட்டிருக்கும்போது அவங்க குரல் நடுவுல வந்துச்சு. “காத்திருங்க”ன்னார் சித்தப்பா. லிஸ்ட் முடிஞ்சுது. அடுத்தவர் வந்தார். அதுக்கு அடுத்தவர் வந்தார்... மனுஷன் சுத்தமா மறந்துட்டார். அந்த அக்கா திரும்பக் கூப்பிடவே இல்ல. முறை தெரிஞ்சவங்களாச்சே. தண்ணி வடிஞ்சு கதவை உடைச்சுப் பார்த்தா, மேஜை மேல ஏறி உக்காந்தபடி... காதுல ஹெட்போன், கையில மைக்.

அன்னையிலிருந்து சித்தப்பாவுக்குத் தூக்கமும் போச்சு, சாப்பாடும் போச்சு.

சரி, இந்த ராத்திரிக்கு வாங்க. மறுபடி வெள்ளம். காத்துல வீட்டுக் கம்பி அறுந்துடுச்சு. செட்டையும் பேட்டரியையும் வேன்ல தூக்கிப் போட்டுக்கிட்டு மேட்டுக்குக் கிளம்பறார். வாசல்ல சித்தி கையைப் புடிச்சுக்கிட்டாங்க. “என்னங்க, தம்பி மில்லுல மாட்டிக்கிட்டான். பொறந்த வீடுன்னு எனக்கு மிச்சம் இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அவனை எப்படியாவது கொண்டாந்து சேர்த்துடுங்க.”

“நான் எதுக்கு இருக்கேன்? கவலைப்படாதே”ன்னு சொல்லிட்டுத்தான் வந்தார்.

மேட்டுல வேனை நிறுத்தினார். தகரக் கூரையில கூழாங்கல்லைக் கொட்டின மாதிரி மழை. ஈர ரெக்ஸின் நாத்தம், பேட்டரி ஆசிட் நெடி. ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு நோட்டுல நேரம் போட்டு எழுதிக்கிட்டார். மில்லுல எலெக்ட்ரீஷியனா இருக்கிற மச்சானும் இவரைப் பார்த்துப் பார்த்தே லைசென்ஸ் எடுத்தவன். அவன் குரல் கணீர்னு வந்துச்சு.

“அத்தான், மாடியில ஒம்பது பேர் இருக்கோம். தண்ணி மூணாவது படியில. மெதுவாத்தான் ஏறுது.”

“அடுத்த நடை உனக்குத்தான் மாப்ள.”

இருந்தது ஒரே படகு. அது ஆஸ்பத்திரியில ஆளை இறக்கிட்டு மில்லுப் பக்கம் திரும்பற நேரம்... மணி மூணு இருபது.

செட்டுல ஓயாம இரைஞ்சுக்கிட்டிருந்த சத்தம் பொசுக்குன்னு நின்னுச்சு. வேனுக்குள்ள ஒரு வாசனை. மெஷின் எண்ணெய் வாசனை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு எண்ணெய் வாசனை புதுசா என்ன? ஆனா இது அந்த எண்ணெய் இல்ல.

“கன்ட்ரோல்...”

பொம்பளைக் குரல். ரொம்ப மெல்லிசா.

“யாரு? கால்சைன் சொல்லுங்க.”

கால்சைன்னா லைசென்ஸ்ல கொடுக்கிற அடையாளம். அதைச் சொல்லாதவங்களுக்கு முறை கிடையாது. அவரே போட்ட சட்டம் அது.

“தாழ்வான தெரு... கடைசி வீடு... தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சு...”

அந்த வீடு ரெண்டு வருஷமா பூட்டிக் கிடக்கு, சித்தப்பாவுக்குத் தெரியாதா? ஆனா மழைக்கு யாராவது அதுல ஒதுங்கியிருந்தா? அந்தப் பழைய செட்டு அங்கயே கிடந்திருந்தா? ஆஸ்பத்திரிக்காரரைக் கேட்டார், “இப்ப ஒரு குரல் வந்துச்சே, கேட்டீங்களா?”

“எங்களுக்கு ஒண்ணும் கேக்கல கன்ட்ரோல். நீங்க மேட்டுல இருக்கீங்க, உங்களுக்குத்தான் எல்லாம் எட்டும்.”

அது வாஸ்தவம். உயரத்துல இருக்கிறவனுக்கு மத்தவங்களுக்குக் கேக்காத குரலெல்லாம் கேக்கும். இந்த வேலையில அது சகஜம். அதனால ஒருத்தருக்கும் சந்தேகம் வரல.

மூணாவது படியா, கழுத்தா? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? சொல்லுங்கடா பார்ப்போம்... அவரும் அதைத்தான் பண்ணினார். படகைத் திருப்பிக் கடைசி வீட்டுக்கு அனுப்பினார். அப்புறம் மச்சானைக் கூப்பிட்டார்.

“மாப்ள... காத்திரு.”

“சரி அத்தான்.”

அவ்வளவுதான் பேசினான்.

இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சுப் படகுக்காரர் கூப்பிட்டார். “கன்ட்ரோல், கடைசி வீட்டுல நிக்கிறோம். வெளியில பூட்டு தொங்குது, துருப்பிடிச்ச பூட்டு. ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தோம், ஈ காக்கா இல்ல. ஆனா...”

“ஆனா என்னய்யா?”

“உள்ள தையல் மெஷின் ஓடுது. தண்ணிக்கு அடியில ஓடுற மாதிரி கேக்குது.”

“மில்லுக்குப் போ! இப்பவே மில்லுக்குப் போ!”ன்னு தொண்டை கிழியக் கத்தினார். மச்சானைக் கூப்பிட்டார். திரும்பக் கூப்பிட்டார்... திரும்ப... இரைச்சல் மட்டும்தான் வந்துச்சு.

மில்லோட ஆத்துப் பக்கத்துச் சுவர் அடியோட பேந்து, மாடியே உக்காந்துடுச்சு. ஒம்பது பேர்ல பொழைச்சவன் ஒருத்தன்தான், மூட்டை தூக்குறவன். மரத்துக் கிளையைப் புடிச்சுத் தொங்கியிருக்கான். அவன் வந்து சொன்னதைக் கேட்டுத்தான் சித்தப்பா உடைஞ்சு போயிட்டார்.

“சுவர்ல விரிசல் விட்டப்பவே பேசு, பேசுன்னு எலெக்ட்ரீஷியனைக் கெஞ்சினோம் சார். ‘எங்கத்தான் காத்திருக்கச் சொல்லியிருக்கார். நான் நடுவுல புகுந்தா வேற யாரோட உயிராவது போயிடும்’னு சொல்லிட்டு மைக்கைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தான்.”

சித்தி அழவே இல்ல. அதுதான் கொடுமை. ஒருநாள் சித்தப்பாவோட நோட்டை எடுத்து, விரல் வச்சு, எழுத்துக் கூட்டுற மாதிரி படிச்சாங்க. “மூணு இருபத்திரண்டு. மச்சான். காத்திருக்கச் சொன்னேன்.” நோட்டுல பொய் எழுதுற பழக்கம் அவருக்குக் கிடையாது பாருங்க. படிச்சுட்டு மூடி வச்சுட்டாங்க. நாலு அறை அறைஞ்சிருந்தாக்கூட அவருக்கு ஆறியிருக்கும்.

செட்டைச் சாக்குல கட்டிப் பரண்ல போட்டுட்டார். பேட்டரியை வித்துட்டார். ‘இனிமே இந்த ஜென்மத்துல தொட மாட்டேன்’னுட்டார்.

இனிமே சொல்லப் போறது, சித்தப்பா ஒரு விடியக்காலையில என் ஃப்ரெண்டுக்குப் போன் பண்ணிச் சொன்னது. அவர்கிட்டயிருந்து வந்த கடைசிப் போன் அதுதான். அதுக்கப்புறம் வேனை ஆத்தோரத்துல கண்டுபிடிச்சாங்க, கதவு திறந்திருந்துச்சாம், அவரைக் காணோம்.

அந்தப் போனுக்கு முன்னாடி, ராத்திரியில முழிப்பு வந்து கையால துழாவிப் பார்த்திருக்கார். பக்கத்துல சித்தி இல்ல. கூடத்துல பச்சையா ஒரு வெளிச்சம். போய்ப் பார்த்தா... மேஜை மேல அந்த செட்டு. கம்பி இல்ல, பேட்டரி இல்ல, ஆனா எரியுது. மைக்கை எந்தப் பக்கம் புடிக்கணும்னு கூடத் தெரியாத சித்தி, ஹெட்போனை மாட்டிக்கிட்டு, நோட்டுல மளமளன்னு எழுதிக்கிட்டிருக்காங்க. நேரம், ஆளு, சேதி... அத்தனையும் வரிசை தப்பாம.

“என்னடி பண்றே?”ன்னார்.

சித்தி திரும்பல. சும்மா இருங்கன்னு ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினாங்க. அப்புறம் மைக்கைக் கிட்ட வச்சுக்கிட்டு, சின்னப் புள்ளையைத் தூங்க வைக்கிற குரல்ல சொன்னாங்களாம்...

“ஆமாடா தம்பி... இப்பதான் எந்திரிச்சு வந்தார். கதவாண்டதான் நிக்கிறார். இந்தா, அனுப்பி வைக்கிறேன்.”