கஸ்பார் ஐயா காலியாக விட்ட கட்டம்

வணிகவியலின் வற்றாத ஊற்றே! சுண்ணக்கட்டியால் சுவரெல்லாம் சதுரமிட்ட சுந்தரக் கரத்தோரே! மணி அடித்த பின்னும் மனம் அடங்காது, அடுத்த ஆசிரியரை வாசலில் நிற்க வைத்து, அவர் பாடவேளையில் பாதியைப் பரிவோடு எடுத்துக்கொண்ட பண்பாளரே! சேலம் மாநகர் ஈன்ற செல்வமே, சகாயம்மாள் அம்மையாரின் கைத்தலம் பற்றிய கண்ணியரே, எங்கள் கஸ்பார் ஐயா அவர்களே! வணக்கம், வணக்கம், இன்னுமொரு வணக்கம்!

தங்கள் பொறுமை, பெருமை, எளிமை, இனிமை ஆகிய அனைத்தையும் எங்களுக்கு முன்னே மாலையோடு வந்த பேச்சாளர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது உண்மை ஒன்றுதான். அதைத்தான் இம்மடலில் இட்டுத் தருகிறோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், மேல்நிலை வகுப்பு என்றால் என்னவென்று தலைமையாசிரியருக்கே தெளிவில்லாத காலத்தில், இப்பள்ளியின் வணிகப் பிரிவுக்குத் தாங்கள் வந்து சேர்ந்தீர்கள். அறிவியலில் இடம் கிடைக்காதவர்களும், இடம் கிடைத்தும் பயந்தவர்களுமாகப் பிள்ளைகள் தங்கள் முன் அமர்ந்தார்கள். அடுத்த கோடை விடுமுறையில் சேலத்தில் நடந்த ஒரு பயிற்சி முகாமுக்குத் தங்களை அனுப்பினோம். அனுப்பியது எங்கள் பிழை. திரும்பி வந்தபோது தங்கள் கையில் ஒரு சதுரம் இருந்தது. அதற்குள் நான்கு கட்டங்கள். ஒரு தொழிலின் பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து. அதற்கு வெளியே, தொழிலைச் சுற்றி வீசும் நான்கு காற்றுகள்: அரசு, விலைவாசி, சனங்களின் பழக்கம், புது இயந்திரம். "உள்ளே இருக்கறதக் கட்டத்துல போடு, வெளியே இருக்கறதக் காத்துல பாரு" என்று தாங்கள் முழங்கிய முழக்கம், பக்கத்து அறையில் இருந்த பூகோளத்தையும் பாழாக்கியது.

பாடப்புத்தகத்தில் இல்லாத இந்தப் பாடத்துக்காகப் பள்ளியின் அட்டைத்தாள் முழுவதும் தீர்ந்தது. கணக்கு ஆசிரியர் முக்கோணத்தைத் தரையில் வரைந்தார். பெருமாயி அம்மாளின் தேநீர்க் கடைக்குக் கட்டம் போட்டீர்கள். மறுநாளிலிருந்து எங்கள் தேநீரில் பால் குறைந்தது. தலைமையாசிரியர் வேலுமணி அவர்களுக்கே கட்டம் போட்டு, பலம் என்ற இடத்தில் 'குரல்' என்றும், பலவீனம் என்ற இடத்தில் 'அதையே நம்பியிருத்தல்' என்றும் எழுதினீர்கள். உடற்பயிற்சி ஆசிரியர் சின்னண்ணன் பெண் பார்த்துவிட்டு வந்து இனிப்பு கொடுத்த அன்றும் கட்டம் போட்டீர்கள். அவருக்குக் கல்யாணம் ஆக அப்புறம் நெடுநாள் ஆயிற்று. இனிப்பை மட்டும் எல்லோரும் அன்றே தின்றுவிட்டோம்.

இத்தனையையும் பொறுத்த நாங்கள், இதற்கெல்லாம் பயன் உண்டா என்று பெற்றோர் கேட்கும்போது சொல்வதற்கு ஒரு கதை வைத்திருக்கிறோம். அதை அவையோருக்காகச் சொல்கிறோம். அதுவரை தங்களைச் சற்று 'அவர்' ஆக்கிக்கொள்கிறோம், பொறுத்தருள்க.

கஸ்பார் ஐயா முதல் ஆண்டில் பிள்ளைகளை ஊருக்குள் அனுப்பினார். சைக்கிள் கடை, மாவு மில், ஜவ்வரிசி ஆலை என்று ஆளுக்கொரு தொழிலைப் பார்த்து, நான்கு கட்டத்தையும் நிரப்பி வரச் சொன்னார். பிள்ளைகள் வந்தார்கள். மூன்று கட்டங்கள் முத்து முத்தாக நிரம்பியிருந்தன. பலவீனக் கட்டம் மட்டும் எல்லாத் தாளிலும் வெறுமையாக இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். அப்போதும் வெறுமைதான். வேலுசாமி என்ற மாணவனை எழுப்பிக் கேட்டார். அவன் கைகட்டி நின்று, "எங்க பெரியப்பாவோட மில்லுங்க சார். பலவீனம் ஒண்ணும் இல்லீங்க" என்றான். சைக்கிள் கடை இன்னொருவனுக்கு மாமன் கடை. ஆலை இன்னொருத்திக்குச் சித்தப்பா ஆலை. சோறு போட்டு, மோர் கொடுத்து, பொறுமையாகப் பதில் சொன்ன சொந்தக்காரரின் குறையை எழுத அந்த வகுப்பில் ஒரு பேனாவும் முன்வரவில்லை.

மறு ஆண்டு அவர் சட்டம் போட்டார்: சொந்தக்காரர் தொழிலை யாரும் எடுக்கக் கூடாது. இந்த வட்டாரத்தில் அப்படி ஒரு தொழிலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறித்தான் போக வேண்டும். பிள்ளைகள் பஸ் ஏறவில்லை. பேச்சு வார்த்தை அற்றுப்போன பங்காளிகளின் தொழிலை எடுத்துக்கொண்டார்கள். பேச்சு இல்லையென்றால் சொந்தமும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. இம்முறை பலவீனக் கட்டம் பொங்கி வழிந்து தாளின் பின்பக்கம் போயிற்று. ஒரு தாளில், 'நாணயம் இல்லை, தராசு சரியில்லை, எங்கள் தாத்தா காலத்தில் வரப்பை வெட்டினார்' என்று இருந்தது.

அன்று அவர் ஆசிரியர் அறைக்கு வந்து, பால் குறைந்த தேநீரைக் குடித்துவிட்டு, "இந்த ஊர்ல பாதிப் பேருக்குக் குறையே இல்ல, மீதிப் பேருக்கு நிறையே இல்ல. நான் என்னத்த வச்சுப் பாடம் நடத்தறது?" என்று நொந்துகொண்டார். நாங்கள் ஆறுதல் சொல்லவில்லை. கட்டம் ஒழிந்தது என்று உள்ளுக்குள் மகிழ்ந்தோம்.

ஒழியவில்லை. சௌந்திரம் வந்தாள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பச்சமுத்து அவர்களின் மகள். நிலத்தை அடமானம் வைத்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வாங்கி வடக்கே அனுப்ப அவர் முடிவு செய்திருந்தார். கூட்டு, மனைவியின் தம்பி மணியன். சௌந்திரம் தன் வீட்டுத் தொழிலையே எடுத்து, பலவீனம் என்ற கட்டத்தில் ஒரே வரி எழுதினாள்: 'மாமாவை ஏன் என்று கேட்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை.'

அந்த அட்டை கண்காட்சியன்று கயிற்றில் தொங்கியது. சிறப்பு விருந்தினர் பச்சமுத்து, கூடவே மணியன். வணிகப் பிரிவின் புது வகுப்பறைக்குக் கூரை போட்டுத் தருவதாகப் பச்சமுத்து வாக்களித்திருந்த நேரம் அது. அவர் அட்டையின் முன் நின்றார். படித்தார். மீண்டும் படித்தார். "ஏனுங்க சார், எங்க ஊட்டுச் சமாச்சாரத்தக் கொண்டாந்து நடுச்சந்தியில தொங்க உட்டிருக்கீங்க?" என்றார். தலைமையாசிரியர் கூரையில்லாத சுவரைப் பார்த்தார்; பிறகு அட்டையைக் கழற்றச் சொல்லிச் சின்னண்ணனுக்குக் கண்ணைக் காட்டினார். சௌந்திரம் தூணோடு தூணாக நின்றாள். அன்றோடு தன் படிப்பு முடிந்தது என்றே அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும்.

கஸ்பார் ஐயா வாதாடவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார்.

"அந்த வரிய அடிச்சுடுங்க. ஆனா அந்த எடத்துல நீங்க வேற ஒண்ணு எழுதோணும். காலியா உடக் கூடாது."

"ஏன்னு நான் கேப்பேன்னு எழுதலாமுங்களா?"

"தாராளமா எழுதலாங்க. அவரு பக்கத்துலதான் நிக்கறாரு. ஒருதரம் கேட்டுப் பாத்துட்டு எழுதுங்க."

"என்னத்தக் கேக்கறதுங்க?"

"உங்க மோட்டார் சைக்கிள் எங்கேன்னு கேளுங்க. நீங்க இன்னிக்கு பஸ்ஸுல வந்து எறங்கினீங்க."

பச்சமுத்து மணியனைப் பார்த்தார். மணியன் துண்டைச் சரிசெய்துகொண்டு, அன்பு ததும்பச் சிரித்தார். நாளைக்கு மகளுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டிய மனிதர். பச்சமுத்துவின் வாய் திறந்தது, திறந்தபடி சற்று நின்றது, மூடிக்கொண்டது. பென்சிலை அவரே கஸ்பார் ஐயாவின் பையில் திரும்பச் செருகிவிட்டு இறங்கிப் போனார்.

ரிக் வாங்கப்பட்டது. மணியனும் கூட்டில் இருந்தார். ஆனால், ஏன் என்று கேட்பதற்கென்றே பரமத்தி வேலூரிலிருந்து உறவு முறை எதுவும் இல்லாத ஒரு மேலாளரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். மணியன் கோபித்துக்கொண்டு இரண்டு பொங்கலுக்கு வரவில்லை. மூன்றாம் பொங்கலுக்குப் பச்சமுத்துவின் அந்த மோட்டார் சைக்கிளோடு வந்தார். ரிக் இன்றும் ஓடுகிறது. சௌந்திரம் படிப்பை முடித்தாள். மாமன் சீரும் குறைவில்லாமல் வந்தது. வகுப்பறைக்குக் கூரையும் வந்தது. மழை ஒழுகும் மூலையைப் பற்றி இன்று பேச வேண்டாம். பச்சமுத்து அவர்கள் இதோ மேடையில்தான் இருக்கிறார். கதையில் பொய் இருந்தால் கையைத் தூக்கலாம்.

கை தூக்கப்படவில்லை. ஆகவே 'அவர்' என்பதை விட்டு மீண்டும் தங்களிடம் வருகிறோம், ஐயா!

சென்ற மாதம் ஆசிரியர் அறைக் கரும்பலகையில் தாங்கள் கடைசியாக ஒரு சதுரம் போட்டீர்கள். ஓய்வுக்குப் பின் சேந்தமங்கலத்தில் தாங்கள் தொடங்கவிருக்கும் முட்டைக்கோழிப் பண்ணை. வாய்ப்பு என்ற கட்டத்தில் நாமக்கல் முழுவதும் எழுந்து நிற்கும் கொட்டகைகளை எழுதினீர்கள். ஆபத்து என்ற கட்டத்தில் கழிச்சல் நோயையும் தீவன விலையையும் எழுதினீர்கள். நான்கு காற்றும் நான்கு பக்கம் வீசின. பலம் என்ற இடத்தில் 'நீண்ட அனுபவம்' என்று எழுதினீர்கள். கோழியிலா என்று நாங்கள் கேட்கவில்லை. பலவீனக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையைத் தட்டித் தூசியை உதறினீர்கள்.

தலைமையாசிரியர்தான் கேட்டார். தாங்கள் சொன்ன பதில் அந்த அறையில் இன்னும் இருக்கிறது: "கூட்டுக்கு நம்ம உபகாரசாமிங்க. மச்சான் இருக்கறப்ப பலவீனம் எங்கிருந்துங்க வரும்?"

ஐயா! வேலுசாமி கைகட்டி நின்று சொன்னதை, ஒரு கண்ணாடியும் சில நரைமுடியும் சேர்த்துத் தாங்கள் சொன்னீர்கள். இத்தனை ஆண்டுகள் எங்கள் தேநீரையும் பாடவேளையையும் திருமண ஏற்பாட்டையும் விடாத அந்தக் கட்டம், தங்கள் சேமிப்பு முழுவதும் போகும் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டதே! எங்களுக்கு வந்த ஆற்றாமையை என்னவென்று எழுதுவோம்?

உபகாரசாமி அவர்கள் முன்வரிசையில் வீற்றிருக்கிறார். இனியவர், ஈகையாளர், இன்முகத்தார். அவர் நடத்திய சோடாக் கடையும், அச்சகமும், வாடகை சைக்கிள் நிலையமும் நன்றாகவே நடந்தன. நடந்தன என்றுதான் சொல்ல முடிகிறது. சகாயம்மாள் அம்மையாரிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. தம்பியைப் பற்றி ஓர் அக்காவை எதிரில் நிறுத்திக் கேட்பது முறையல்ல.

ஒன்றை மட்டும் கேட்கிறோம். இன்று காலை, தங்கள் பாராட்டு விழாவுக்கு, கையில் குடையோடு, தாங்கள் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். தங்கள் ஸ்கூட்டர் தங்களுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் நிற்கிறது. அதில் வந்தவர் முன்வரிசையில் வீற்றிருக்கிறார். அவரை ஏன் என்று கேட்கத் தங்கள் வீட்டில் ஆள் உண்டா, ஐயா?

பண்ணையை வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? வரும் திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகிறீர்கள். அதற்கு முன், இம்மடலின் அடியில் நாங்கள் விட்டிருக்கும் ஒரு கட்டத்தை நிரப்பித் தாருங்கள். சட்டகம் தயார், கண்ணாடியை மட்டும் இன்னும் பொருத்தவில்லை. ஆணிகள் சின்னண்ணன் பையில் இருக்கின்றன. தாங்கள் எழுதி முடித்த பிறகே அவர் அடிப்பார். கல்யாணத்துக்கே காத்திருந்தவர், இதற்கும் காத்திருப்பார்.

தங்கள் உடல் நலமும், சகாயம்மாள் அம்மையாரின் மன நலமும், தங்கள் கோழிகளின் குடல் நலமும் குன்றாதிருக்கட்டும்! முட்டை விலை இறங்கும் நாளிலும் தங்கள் மூக்குக்கண்ணாடி இறங்காதிருக்கட்டும்! தொண்ணூறு கடந்தும் தாங்கள் இப்பள்ளிக்கு வந்து, எங்கள் பாடவேளையில் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டும் நெஞ்சாரவும் வாழ்த்துகிறோம்.

தங்களால் கட்டம் கட்டப்பட்ட,
பள்ளியின் ஆசிரியர்கள், அலுவலகத்தார், பெருமாயி அம்மாள் தேநீர்க் கடை
ஏப்ரல் 1987

பலவீனம்:

பென்சில் தங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது, ஐயா.