நிரம்பியிருந்த டேங்க்

வார்டெல், இராணுவம் கழித்துக்கட்டிய டிரெய்லரை ஏலத்தில் எடுப்பவர்கள் முதல் வேலையாக அந்தப் பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டிவிடுவார்கள். என் நார்லீன் அதைத் தொடவில்லை. பக்கவாட்டில் வெள்ளையில் அச்சடித்திருந்த எண்ணைக்கூட அப்படியே விட்டுவைத்தாள். பன்னிரண்டு வருடம் இராணுவ வண்டிப் பட்டறையில் ஸ்பேனர் பிடித்தவள். "இந்த வண்டி என்னைவிட சீனியர். நம்பரை அழிச்சா எனக்கு சல்யூட் அடிக்கற பழக்கம் போயிடும்" என்பாள்.

நீ அந்த டிரெய்லரைப் பார்த்திருக்கிறாய். உன் ஆட்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார்கள். அது எப்படி உருவானது என்பதை நான் சொன்னால்தான் மற்றது புரியும். ஜீப்புக்குப் பின்னால் மூட்டை சுமந்த வெறும் இரும்புத் தொட்டி அது. இரண்டு குளிர்காலம் எங்கள் கார் கொட்டகையில் கிடந்தது. பேரிங் மாற்றினாள். தன் பிக்கப்பின் சக்கரங்களையே அதற்கும் பொருத்தினாள். வழியில் எது பஞ்சரானாலும் ஒரே ஸ்டெப்னி போதும். பின்கதவை இறக்கினால் அடுப்பு மேடை வெளியே வரும். இருபத்தைந்து காலன் தண்ணீர் டேங்கைத் தரைப்பலகைக்கு அடியில் வைத்தாள். குளிர்காலத்தில் உறைந்து வெடிக்காமல் வடித்துவிட, டிரெய்லரின் வயிற்றில் பித்தளை வால்வு ஒன்று.

படுக்கைக்குப் பலகை அறுத்த அன்று நான் காபி கொண்டுபோனேன். அகலம் குறைவாக இருந்தது.

"இதுல ஒருத்தர்தானே படுக்கலாம்?" என்றேன்.

"ஆமா."

"நீ என்னைக் கேக்கவே இல்லியே."

"முப்பத்தோரு வருஷமா கேட்டேன், தேய்ன். தேள் இருக்கும், முதுகு வலிக்கும், கக்கூஸ் இல்லன்னே. இப்ப அளவெடுத்துட்டேன். நகரு, ரம்பத்தூள் காபியில விழுது."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன். உனக்கும் சொல்லிக்கொடுத்தேன். இந்தப் பாலைவனத்தின் ஒவ்வொரு பள்ளத்தாக்கையும் கரும்பலகையில் வரைவேன்; அவற்றில் ஒன்றில்கூட ஒரு ராத்திரி தங்கியதில்லை.

போன வருடம் நடந்தது உனக்கே தெரியும். எங்கே தங்குவாள், என்றைக்குத் திரும்புவாள் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுத்தான் அவள் கிளம்புவாள். நேரம் தாண்டினால் நான் உன் தேடல் குழுவைக் கூப்பிட வேண்டும். நான்கு மணி நேரம் தாண்டியதும் கூப்பிட்டுவிட்டேன். நீங்கள் போனபோது பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தாளாம். "டேய் வார்டெல், வந்ததுதான் வந்தீங்க, ஆளுக்கு ரெண்டு துண்டு சாப்பிட்டுப் போங்கடா" என்றாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம், "நாலு மணி நேரத்துக்கு ஹெலிகாப்டர். நாளைக்கு நான் முட்டை வாங்கப் போய் லேட்டானா கடற்படையைக் கூப்பிடுவியா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தக் கதையை உணவகத்திலும் சொன்னாள். அதன்பிறகு நான் அங்கே நுழையும்போதெல்லாம் யாராவது ஒருவர், "என்ன சார், இன்னிக்கு யாரும் தொலையலியா?" என்பார். ஒரு வருடம் இது நடந்தது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பழகிக்கொண்டேன்.

ஜூன் மாதம் அவள் ஒன்பது நாளுக்குக் கிளம்பினாள். வெள்ளிக்கிழமை காலை. கையில் பட்டியல், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து டிக் அடிப்பாள். டிக் அடித்துவிட்டால் மறுபடி பார்க்கமாட்டாள். அது பட்டறைப் பழக்கம். சந்தேகப்படுகிறவன் கையெழுத்துப் போடக் கூடாது என்பாள். தண்ணீருக்கு டிக் அடித்துவிட்டு உள்ளே தொப்பி எடுக்கப் போனாள். நான் குனிந்து அந்த வால்வைக் கொஞ்சம் திருப்பினேன். கால் சுற்றுகூட இல்லை. எங்கள் வாசல் சரளைக்கல். சொட்டிய தண்ணீரைக் கல் குடித்துவிட்டது.

வேறு எதற்காகவும் செய்யவில்லை. சனிக்கிழமை அவள் திரும்பி வர வேண்டும். கொஞ்சம் முகம் சுருங்கி, "டேங்க் ஒழுகிடுச்சு தேய்ன்" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். நான் பெருந்தன்மையாக இருந்திருப்பேன். பிக்கப்பில் தனியாக ஐந்து காலன் கேன் ஒன்று வைத்திருந்தாள். அது எனக்குத் தெரியும் என்பதால் நான் பயப்படவும் இல்லை.

சனிக்கிழமை அவள் வரவில்லை. பிடிவாதக்காரி, கேனை வைத்துச் சமாளிக்கிறாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. தேவாலயத்தில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். "நார்லீன் எப்ப வர்றாங்க, சார்?" என்று கேட்டாய். "அடுத்த ஞாயிறு" என்றேன். தாளில் அப்படித்தான் இருந்தது. அவளிடம் தண்ணீர் இல்லை என்பது தாளில் இல்லை. அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதைச் சொன்னால், எப்படித் தெரியும் என்று நீ கேட்டிருப்பாய்.

திங்கட்கிழமையும் பார்த்தேன். செவ்வாய் காலை ஐந்து காலன் கேன்கள் ஆறில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நானே கிளம்பினேன். தாளில் அவள் வரைந்திருந்த படம் தெளிவாக இருந்தது. பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். டிரெய்லர் சமதளத்தில் அழகாக நிறுத்தியிருந்தது. பிக்கப்பின் முன்மூடி திறந்திருந்தது. கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் ஒரு காகிதம். என் பெயர் போட்டிருந்தது. நீ அதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அதை நான் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

"தேய்ன், நீதான் முதல்ல வருவேன்னு தெரியும். ரேடியேட்டர் ஹோஸ் கிழிஞ்சு தண்ணி பூரா கொட்டிடுச்சு. டேப் சுத்திட்டேன், தாங்கும். ஊத்தத்தான் தண்ணி இல்ல. வால்வைத் திறந்தது நான் இல்ல. அப்ப யாருன்னு எனக்குத் தெரியும். வந்ததும் ரேடியேட்டரை ரொப்பிட்டு, மேற்கால மாட்டு ஊத்துப் பக்கம் வண்டியை எடுத்துட்டு வா. கேனோட அங்கதான் போறேன். திட்டறதை நேர்ல வச்சுக்கறேன். செவ்வாய், காலை அஞ்சு மணி."

ஊற்று நான்கு மைல். பத்தரைக்குள் அவள் திரும்பியிருக்க வேண்டும். நான் மேற்கே அரை மைல் நடந்தேன். இரண்டு முறை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அதற்குப் பதில் திரும்பி வந்தேன்.

அவள் சொன்னதில் முதல் பாதியைச் செய்தேன். ரேடியேட்டரை நிரப்பினேன். முன்மூடியைச் சாத்தினேன். அவளே வால்வை மூடியிருந்தாள். டேங்கின் வாயில் புனல் வைத்து மிச்சக் கேன்களைக் கவிழ்த்தேன். நிரம்பி வழியும் வரை ஊற்றினேன். சிந்திய தண்ணீர் காய்ந்து தடம் மறையும் வரை நிழலில் உட்கார்ந்திருந்தேன். காலிக் கேன்களை வரும் வழியில் ஒரு பள்ளத்தில் போட்டேன். போன் எடுக்கும் இடத்துக்கு வந்து உன்னைக் கூப்பிட்டபோது மாலை நான்கு. திடீரென்று பார்க்கப் போனேன், ஆள் இல்லை என்றேன். "பதறாதீங்க சார்" என்றாய். போன வருடத்தை நீ நினைவுபடுத்தவில்லை. அதற்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

புதன்கிழமை விடியும்போது பதினான்கு பேர் வந்தீர்கள். உன் ஆள் ஒருவன் பிக்கப்பில் சாவி போட்டான். எடுத்தவுடன் ஓடியது. இன்னொருவன் டிரெய்லர் குழாயைத் திறந்து கை கழுவினான். "டேங்க் ரொம்பி வழியுது. தாகத்துக்கு அலையல. வண்டியும் ஜோரா ஓடுது. அப்ப சும்மா வேடிக்கை பார்க்க நடந்திருக்காங்க" என்றான். நல்ல புத்தியுள்ள பையன். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பார்கள்.

அவளை வெள்ளிக்கிழமை மேற்கே, ஊற்றிலிருந்து திரும்பும் வழியில் கண்டுபிடித்தீர்கள். பாறையில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கேனின் மூடி தெறித்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நிழலுக்கு ஊர்ந்து போயிருக்கிறாள். வியாழன் பிற்பகல் வரை உயிர் இருந்தது என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். செவ்வாயன்று நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட இடத்திலிருந்து அது ஒன்றரை மைல்.

அடக்கம் முடிந்து எல்லோரும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றபோது நீ என்னைத் தனியாக அழைத்துப்போனாய். தட்டை நீ தொடவே இல்லை. "தப்பு என்னுதுதான் சார். ரெண்டு நாளும் எல்லாரையும் கிழக்கால அனுப்பினது நான். இனிமே இந்தப் பொறுப்பு எனக்கு வேணாம்" என்றாய். அழுதாய். நான் உன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். அந்தக் கையை அன்று வீட்டில் ரொம்ப நேரம் கழுவினேன்.

நேற்று நீ ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாய் என்று உணவகத்தில் பேசிக்கொண்டார்கள். அதனால் எழுதுகிறேன். நீ தேடுவதில் எந்தத் தவறும் செய்யவில்லை, வார்டெல். புதன்கிழமை காலை வண்டி முகப்பில் வரைபடத்தை விரித்து, "சார், உங்களைவிட இந்த மண் யாருக்குத் தெரியும்? நீங்களே சொல்லுங்க, எந்தப் பக்கம் போயிருப்பாங்க?" என்று கேட்டாய். காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது. கிழக்கே பள்ளத்தாக்கில் பழைய பாறை ஓவியங்கள் இருக்கின்றன, அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என்றேன். விரலை வைத்தும் காட்டினேன். அவள் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது. முந்தைய ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன்.

நீங்கள் எல்லோரும் கிழக்கே இறங்கிப் போன பிறகு, ரேடியோவுக்குக் காவல் இருந்த பெண் வந்து என் தோளில் ஒரு போர்வையைப் போர்த்தினாள். நான் அப்படி நடுங்கிக்கொண்டிருந்தேன். "கண்டிப்பா கிடைச்சிடுவாங்க சார், பயப்படாதீங்க" என்றாள். அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல என் நடுக்கம் கூடியது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. நார்லீன் கிடைத்துவிடுவாளோ என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன்.