வலது புகைக்குழாயின் மேல் வால் நட்சத்திரம்

செயலாளர் ஐயா, நீங்கள் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்கள் நன்றாக இனித்தன. அக்கா மூன்று தின்றாள், நான் இரண்டு. ஒன்று மட்டும் அடியில் அழுகியிருந்தது. அது கடைக்காரர் செய்த வேலை, உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அக்காவைப் பார்க்க வந்த அன்றைக்கு நீங்கள், "நேரம் குறிச்சுக் குடுத்தது யாரும்மா?" என்று கேட்டீர்கள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "நான்தான்" என்றேன். அதோடு கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டேன். புது ஆட்களைக் கண்டால் எனக்கு அப்படித்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் பதில் வயிற்றுக்குள் இறங்கிவிடும். நீங்களோ, "கணக்குல சறுக்கறது யாருக்கும் வர்றதுதான்" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனீர்கள். நல்ல மனம். ஆனால் அதையே நம் வான்நோக்கர் சங்கத்தின் சுற்றறிக்கையிலும் போட்டுவிட்டீர்களே. 'கணக்குப் பிழையால் நேர்ந்த விபத்து.' மூன்றாம் பக்கம், கட்டம் கட்டி. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேசத்தான் வராதே தவிர, எழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அக்காவுக்குக் கண், எனக்குக் கணக்கு. அப்பா அம்மா போன பிறகு நாங்கள் இரண்டே பேர். அக்காவுக்குத் துணி ஆலையில் குறை பார்க்கும் வேலை. ஓடுகிற துணியில் ஒற்றை நூல் விட்டிருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே நிறுத்தச் சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணைத்தான் அவள் வானத்துக்கும் கொண்டுபோனாள்.

சங்கம் அனுப்புகிற ஆறு எண்களில் ஒரு வால் நட்சத்திரத்தின் பாதை முழுவதும் மடித்து வைத்ததுபோல இருக்கும். அதைப் பிரித்து, இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடம் என்று சொல்வது என் வேலை. அக்கா பைனாகுலரோடு அங்கே பார்ப்பாள். பைனாகுலரைத் திருகிப் பக்கத்து நட்சத்திரங்களின் தெளிவைக் கலைத்து, வால் நட்சத்திரத்தைப் போலவே பஞ்சுப்பொதியாக ஆக்கி, எதற்கு எது சமம் என்று ஒப்பிட்டுப் பிரகாசத்தை ஒரு எண்ணாகச் சொல்வாள். பிரகாசம் கூடக் கூட எண் குறையும் அல்லவா, அதில் அவளுக்கு ஒரே சிரிப்பு. "இந்த முறையில மார்க்கு போட்டிருந்தா நீதான்டி பள்ளிக்கூடத்துலயே முதல்" என்பாள்.

நேற்று வந்த பிரகாச எண்ணை, வானம் பார்க்கிறவரிடம் சொல்லக் கூடாது என்பது சங்கத்தின் விதி. தெரிந்துவிட்டால் கண் அதையே போய்ப் பார்க்கும். அக்கா ஒரு படி மேலே போய், என் நோட்டைத் தொடவே மாட்டாள். "எடம் நீ சொல்லு, பாக்குறது நான். அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரிய வேணாம்." மூன்று வருடத்தில் இருநூற்றுப் பதினோரு தடவை சொல்லியிருக்கிறேன். மேகம் மறைத்த நாள்களை விட்டால், ஒரு தடவைகூட வால் நட்சத்திரம் நான் சொன்ன இடத்தில் இல்லாமல் போனதில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன் மலைமேல் இருக்கும் வானாய்வகத்திலிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. அவளுடைய கணிப்புகளைப் போலத் துல்லியமானவற்றைப் பார்த்ததில்லையாம். வேலைக்கு வரச் சொன்னார்கள். அக்கா துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு வீடெல்லாம் ஆடினாள்.

"அப்ப நான்?" என்றேன்.

"உனக்கென்னடி, மகாராணி மாதிரி வீட்டுல இரு. லீவு விட்டா ஓடி வந்துர மாட்டேனா?"

"அங்க கணக்கு யாரு போடுவா?"

"அதுக்கு மெஷின் இருக்காம். தட்டுன உடனே கொட்டிருமாம். நீ பாவம், உக்காந்து உக்காந்து முதுகு வளைஞ்சதுதான் மிச்சம்."

பாசத்தில் சொன்னாள். நான் வருத்தப்படவில்லை. மலைமேல் குளிரில் அவள் தனியாக என்ன செய்வாள் என்றுதான் கவலை. சளி பிடித்தால் வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் உண்டா? இங்கேயும் தபால்காரர் கதவைத் தட்டினால் யார் திறப்பது? எப்படிப் பார்த்தாலும் அவள் போவது யாருக்கும் நல்லதில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த வால் நட்சத்திரம் சூரியனை நெருங்கிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை காலை, பகல் வெளிச்சத்திலேயே தெரியக்கூடும், சூரியன் ஏதாவது கட்டடத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும்போதே பார்த்து முடித்துவிட வேண்டும் என்று சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் எச்சரித்திருந்தீர்கள். நல்ல எச்சரிக்கை, நான் இரண்டு தடவை படித்தேன்.

எங்கள் பின்பக்க ஜன்னலுக்கு எதிரே அச்சகத்தின் கூரை. அதில் இரண்டு புகைக்குழாய்கள். கணக்குப் போட்டேன். வால் நட்சத்திரம் இடது குழாயின் மேல் எட்டு முப்பதுக்கு எழும். பின்னாலேயே சூரியன், வலது குழாயின் மேல், எட்டு நாற்பத்தாறுக்கு.

"வலது குழாய், அக்கா. எட்டு நாப்பத்தாறு" என்றேன்.

"சூரியன்?"

"அது வர ஒம்பது ஆகும்."

"சரி" என்றாள். நோட்டு மேஜைமேல் திறந்துதான் கிடந்தது.

எட்டு முப்பதுக்கு அவளுக்குத் தேநீர் கொடுத்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆலை மேலாளர் தும்முவதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்கு மேலாக நான் பார்த்தேன். இடது குழாயின் உச்சியில் ஊசியால் குத்தினாற்போல் ஒரு வெள்ளைப் புள்ளி, மேல்நோக்கி மயிரிழையாக ஒரு வால். இத்தனை வருடத்தில் நான் என் கண்ணால் பார்த்த முதல் வால் நட்சத்திரம். அழகாகத்தான் இருந்தது. நிமிடம் பிசகவில்லை.

எட்டு நாற்பத்தைந்துக்கு அக்கா பைனாகுலரை ஜன்னல் கம்பியில் ஊன்றி, வலது குழாயின் உச்சியில் நிறுத்தினாள்.

"வெளிச்சம் வருதுடி. ஓரத்துல பொங்கிட்டு வருது. அதுதானா?"

"அதேதான்க்கா. கண்ண எடுத்துராத. பிரகாசம் எவ்ளோன்னு சொல்லு."

ஒப்பிட ஒரு நட்சத்திரமும் இல்லாமல் ஒரு நொடி தடுமாறியிருப்பாள். அந்த நொடி போதுமாக இருந்தது. அக்கா அலறவில்லை. பைனாகுலர் கீழே விழுந்தது. "என்னடி இது, பச்சையா ஒரு வட்டம் கூடவே வருது" என்றாள். கண்ணின் அந்த இடத்துக்கு வலி தெரியாது என்று மருத்துவர் பிறகு சொன்னார். கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி.

இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி கருகிவிட்டதாம். ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது. "நேரா பாத்தா நீ காணாமப் போயிர்ற. கொஞ்சம் அந்தப் பக்கம் பாத்தாத்தான் இருக்க" என்று அக்கா சிரிக்கிறாள். ஆலையில் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். வானாய்வகம் வருத்தம் தெரிவித்து நாலு வரி எழுதியது. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களைப் போலவே அவளும் நான் தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைக்கிறாள். அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

ஆகவே ஐயா, தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். கூட்டலில் பிழை இல்லை. எட்டு நாற்பத்தாறு என்பது சூரியனுக்கு உரிய நேரம், கால் நிமிடம்கூட வித்தியாசம் கிடையாது. அக்கா சூரியனைப் பார்க்க வேண்டும் என்றுதான் அதைச் சொன்னேன்.

இப்போது நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம். சாயங்காலம் ஆனால் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்பாள். வால் நட்சத்திரம் எட்டாத தூரத்துக்குப் போய் வாரக்கணக்காகிறது. இருந்தாலும் நான் தினம் ஒரு எண்ணைச் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைத்து, அதாவது இன்னும் பிரகாசமாக. அக்காவின் முகம் மலர்ந்துவிடும்.

நேற்றுத்தான் சொன்னாள், பார்வை குறைந்தவர்களுக்கான பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரரை விட்டு எழுதிப் போட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லாமல். "ஆறே மாசம்டி. தனியா நடக்கப் பழகிட்டு வந்துர்றேன்." திங்கட்கிழமை காலைப் பேருந்து. பேருந்து நிறுத்தம் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். காலையிலிருந்து மாடி ஜன்னலில் நின்று, லாரிகள் திருப்பத்தில் தெரிவதற்கும் எங்கள் தெருமுனைக்கு வருவதற்கும் எத்தனை நொடி என்று குறித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது நொடி, சரக்கு ஏற்றியிருந்தால் பதினொன்று.

எனக்கு வெளியே போவதென்றால் எவ்வளவு கூச்சம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான்தான் கை பிடித்து அழைத்துப் போகப் போகிறேன். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?