ஒன்பதாவது வினாடி

பதினொன்று நாற்பத்தேழு. மொபைலில் மணி பார்த்தது ரெனிஷுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கருங்கல் தாண்டி இனயம் போகும் சாலை. இரண்டு பக்கமும் ரப்பர். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது, மரங்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. எங்கோ ரப்பர் ஷீட் காயப்போட்ட புளித்த நாற்றம். பைக்கை அணைத்தான்… பிறகு அந்தச் சொட்டுச் சத்தம் மட்டும்தான்.

ரெனிஷ் யாரென்றால், நம் கூட்டாளி டைட்டஸின் தங்கை ஜினிஷாவைக் கட்டியவன். டைட்டஸ் இன்றைக்கு இங்கே வரவில்லை. வந்திருந்தால் இதைச் சொல்ல முடியாது.

சற்று முன் நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்களே. போன வாரம் பார்த்த படம் முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி இழுவை. தியேட்டரெல்லாம் இன்னும் ஐந்து வருஷம்தான், அப்புறம் போர்வைக்குள் போன்தான். இதையேதான் ரெனிஷும் பேசப் போயிருந்தான். அவனுக்கு ஒரு யூடியூப் சேனல். புதுப் படத்துக்கு முதல் காட்சி போவான். இடைவேளையில் எழுந்து வந்து, வாசலில் நின்று இரண்டு நிமிடம் பேசுவான். மற்றவர்கள் படம் முடிந்து வெளியே வருவதற்குள் அவன் வீடியோவை ஐம்பதாயிரம் பேர் பார்த்திருப்பார்கள். இரண்டாம் பாதியை அவன் பார்ப்பதேயில்லை. முந்துவதுதான் அவன் தொழில்.

அன்றிரவு அவன் நின்றது, மூடிக் கிடந்த ஒரு தியேட்டர் முன்னால். அடுத்த வாரம் இடிக்கிறார்கள். கல்யாண மண்டபம் வருகிறது. நடு ராத்திரி, பாழடைந்த ஹாலுக்குள் உட்கார்ந்து தியேட்டர்களின் எதிர்காலம் பற்றிப் பேசினால் வீடியோ ஓடும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

அங்கே கடைசியாக ஓடிய படம் எது என்று அவனுக்குத் தெரியும். மூன்று நாள்தான் ஓடியது. அதை மூன்று நாளில் தூக்க வைத்தவன் அவன்தான்.

இனயத்துக்காரன் ஆன்ட்ரூஸ் எடுத்த படம் அது. வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்ப் புயலோடு போனவர்களைப் பற்றியது. நடித்தவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்கள். முக்கியமான பாத்திரம் ஆன்ட்ரூஸின் பெரியம்மா வேளாங்கண்ணிக்கு. கருங்கல் சந்தையில் மீன் விற்பவள். அவள் புருஷன் சிலுவை நிஜமாகவே புயலில் போனவன். உடல் வரவில்லை. அவளும் அழவில்லை. பேர் சொல்லி அழுதால்தான் ஆள் செத்ததாக ஆகும், அதுவரை கடலில் இருக்கிறான்… அது அவளுடைய பிடிவாதம். ஏழு வருஷம் அப்படியே இருந்தாள். கேமரா முன்னால்தான் உடைந்தாள். இடைவேளைக்குச் சற்று முன் அழத் தொடங்குவாள், பேர் வராது. படம் முடியும்போதுதான் சிலுவையின் பேர் வரும். பார்த்தவர்கள் சொன்னது.

ரெனிஷ் பார்க்கவில்லை. வழக்கம் போல இடைவேளையில் எழுந்து வந்தான். அவளுடைய அழுகையை உள்ளிருந்தே போனில் பிடித்திருந்தான். அதில் எட்டு வினாடியை வெட்டி வீடியோவில் சேர்த்து, "ஏசியும் இல்லாத தியேட்டர்ல இருந்து இந்தக் கரச்சலும் கேக்கணுமா மக்கா? எனக்குப் பல்வலி வந்தா இதவிட நல்லாக் கரைவேன்" என்றான்.

எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். ஷிபின், சிரிக்காதே. நீயும் அதைப் பார்த்திருப்பாய். நானும் பார்த்தேன்.

அந்த எட்டு வினாடி ரிங்டோன் ஆனது. சந்தையில் அவள் மீன் சருவத்தைத் தலையிலிருந்து இறக்கும்போதே எவனாவது போனில் அதைப் போடுவான். ரெனிஷ் அதன்பிறகு மோசமான படங்களுக்கு மார்க் போடுவதை விட்டுவிட்டான். கடைசியில் அந்த அழுகையைப் போடுவான். அதுதான் தீர்ப்பு.

ஒருநாள் மார்த்தாண்டத்தில், தியேட்டர் வாசலில் அவன் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் வந்தாள். இடுப்பில் காலிச் சருவம்.

"மோனே, அந்தக் கரச்சலுக்கு மீதி உண்டு. பேரு வருற வர கேக்கணும். பேரு வராம நிறுத்தினா அது ஒருக்காலும் அடங்காது."

அவன் கேமராவை அவள் பக்கம் திருப்பினான். "பேரு வரதுக்குள்ள நான் உறங்கிருவேன் அம்மா. ஓடிடில வரட்டு, ஓட்டி ஓட்டிப் பாக்கேன்."

கூட்டம் சிரித்தது. அவள் திட்டவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்… மீன் கெட்டுவிட்டதா என்று செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல.

"செரி. மீதி எனக்கிட்ட இருக்கட்டு."

அதையும் அவன் வீடியோவாகப் போட்டான்.

அந்தத் தவக்காலத்தில் அவள் இறந்துபோனாள். மாரடைப்பு என்றார்கள். வேறு மாதிரியும் ஒரு பேச்சு உண்டு, அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ரெனிஷ் அந்தச் சத்தத்தை நிறுத்தவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்த படத்துக்கும் அதையே போட்டான்.

மூடிக் கிடந்த அந்தத் தியேட்டருக்குப் போன இரவு, கேட்டில் சங்கிலி மட்டும்தான் சுற்றியிருந்தது. பூட்டு இல்லை. ஹாலுக்குள் வவ்வால் எச்ச நாற்றம். திரையைக் கழற்றிவிட்டார்கள், அந்த இடத்தில் வெறும் சுவர். முன் வரிசைகள் மட்டும் மிச்சம். உட்கார்ந்தால் கிரீச்சென்று இறங்கும், எழுந்தால் டப்பென்று மடிந்துகொள்ளும் பழைய நாற்காலிகள். சுவரைப் பார்த்தபடி முதல் வரிசையில் உட்கார்ந்தான். ஸ்டாண்டில் போனை மாட்டி, சிறிய விளக்கைப் போட்டுப் பேசத் தொடங்கினான்.

நன்றாகத்தான் பேசினான். ஒரு குடும்பம் படம் பார்க்கப் போகிற செலவில் வீட்டில் ஒரு வருஷம் படம் பார்க்கலாம் என்றான். பெரிய நடிகர் படத்துக்குக் கூட்டம் வரும், மற்றதெல்லாம் போனில்தான் என்றான். இருட்டில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து அழுகிற காலம் முடிந்துபோனது என்றான். கடைசியாக, தியேட்டர்களுக்கு அவன் தீர்ப்பு… அந்த அழுகையை அழுத்தினான்.

"கடலுக்குக் குடுத்தேனே… கையோட குடுத்தேனே…"

எட்டு வினாடி. அது அவனுக்கு மனப்பாடம். எட்டாவது வினாடியில் அவள் மூச்சு இழுப்பாள், அங்கேதான் வெட்டியிருந்தான்.

மூச்சு இழுத்தாள்.

ஒன்பதாவது வினாடி வந்தது.

"கரை ஏறினவனெல்லாம் கதவத் தட்டுதான்… எனக்க கதவு தட்டக் கேக்கலியே…"

அவன் போனைப் பிடுங்கி அணைத்தான். போன் திரை கறுத்தது. விளக்கும் கூடவே போனது. அழுகை போகவில்லை. அது போனிலிருந்து வரவில்லை… எதிரே சுவரிலிருந்து வந்தது. சத்தமாகக்கூட இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ அழுவதைப் போல, அடக்கி, நிதானமாக.

பின்னால் ஒரு நாற்காலி இறங்கியது. கிரீச். பிறகு இன்னொன்று. கிரீச்… கிரீச். வரிசை வரிசையாக. இரண்டு வரிசைதான் மிச்சமிருந்தது, ஆனால் சத்தம் பின்சுவர்வரை போனது. யாரோ வந்து உட்காருகிறார்கள். யாரும் எழவில்லை. ஐஸ் உருகிய மீன் தண்ணீர் நாற்றம், அவன் தோளுக்கு நேர் மேலே.

ஒப்பாரியின் வரி மாறியது.

"மூணு பாயி விரிச்சிருக்கு… மூணு தல உறங்குது… ஒரு பாயி சுருட்டணுமே…"

ரெனிஷுக்கு வீட்டில் மூன்று பேர். அம்மா செல்லபாய். ஜினிஷா. நான்கு வயது மகள் அக்ஸா. இந்த நேரம் மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

"ஆரு பாய நான் சுருட்ட… ஆரு பேர நான் சொல்ல… எனக்க…"

நின்றது. மூச்சு இழுக்கும் சத்தம். நீளமாக. அடுத்து வருவது பேர்.

அவன் எழுந்தான். டப். அந்த ஹால் முழுக்க ஒரே ஒரு டப், அவனுடையது. காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, வாயால் கத்திக்கொண்டே ஓடினான். என்ன கத்தினான் என்று கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் படித்த பாட்டு என்றான். பேர் காதில் விழக் கூடாது, அவ்வளவுதான். கேட்காவிட்டால் சொன்னதாக ஆகாது என்று நினைத்தான்.

பைக் முதல் உதையிலேயே கிளம்பியது. ரப்பர் தோட்டம் முடிகிறவரை அவன் வாயை மூடவில்லை. கருங்கல் சந்திப்பில், லாரிகள் நிற்கும் வெளிச்சத்தில்தான் நிறுத்திக் கேட்டான். ஒன்றுமில்லை. தவளைச் சத்தம். யாரோ ஒருவன் டீக்கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தான். ரெனிஷுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இந்த முறையும் பாதியில் எழுந்து வந்துவிட்டோம், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான்.

வீட்டை அடையும்போது பன்னிரண்டரை. வராந்தாவில் விளக்கு எரிந்தது. கதவு திறந்தே இருந்தது. செருப்போடு உள்ளே ஓடினான். முதலில் அம்மா. வாய் திறந்து குறட்டை. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான்… சூடு. அடுத்த அறையில் அக்ஸா குப்புறப் படுத்திருந்தாள். கால் பெருவிரலைப் பிடித்தான். தூக்கத்திலேயே உதைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சட்டை முழுக்க வியர்வை.

அடுக்களைப் பக்கமிருந்து ஜினிஷாவின் பேச்சுக் குரல் கேட்டது. ம்… ம்… என்று யாருக்கோ ஆறுதல் சொல்வது போல. அவளும் இருக்கிறாள். மூன்று பேரும் இருக்கிறார்கள்.

ஜினிஷா அறை வாசலுக்கு வந்தாள். காதில் போன். அவனைப் பார்த்ததும் போனை நெஞ்சோடு வைத்துப் பொத்திக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஆரோ ஒரு அம்மா. பாவம், எம்பிட்டு நேரமாக் கரையுதாவ. நீங்க பாதில எழும்பிப் போயிட்டியளாம்… மீதிய எனக்கிட்ட சொல்லட்டான்னு கேக்காவ. செரின்னு சொல்லட்டா?"