மருமகளின் நாற்காலி

– அதெப்படிம்மா, அவங்களுக்குப் பதிலா நீங்க வந்து உக்கார முடியும்?

– ஏன், நாற்காலி தாங்காதா?

– நாற்காலி தாங்கும். ஆனா கவுன்சிலிங் உங்க மருமகளுக்கு, உங்களுக்கு இல்ல.

– அவளுக்குத் தலைவலி, வீட்ல படுத்திருக்கா. எடுத்து வச்ச நேரம் வீணாப் போகுமேன்னு நான் வந்தேன். மருந்துக் கடையில சீட்டைக் காட்டினா யார் போனாலும் மாத்திரை குடுக்கறான். நீங்க வாய் வார்த்தைதானே குடுக்கறீங்க? என்கிட்ட குடுங்க, சிந்தாம கொண்டு போய்ச் சேர்த்துடறேன்.

– இது அப்படி வாங்கிட்டுப் போற சமாச்சாரம் இல்லம்மா.

– சரி, வந்தது வந்துட்டேன். மூணு மாசமா அவளுக்குத் துணையா வந்து, வெளிய அந்த மரப் பெஞ்சுல உக்காந்து உக்காந்து என் இடுப்பே போச்சு. உள்ள எப்படித்தான் இருக்குன்னு பாத்துட்டுப் போறேனே. சும்மா சொல்லக் கூடாது டாக்டரம்மா, மெத்தை வச்ச நாற்காலி, ஏசி, சுவர்ல கடல் படம். இங்க உக்காந்தா கவலை இல்லாதவளுக்கும் ரெண்டு கவலை வந்துடும்.

– நான் டாக்டர் இல்லம்மா. கவுன்சிலர்.

– ஏதோ ஒண்ணு. ஊசி போடாத டாக்டர். அது என்ன, அந்த டிஷ்யூ பெட்டியை மெதுவா என் பக்கம் தள்றீங்க?

– பழக்க தோஷம்.

– அழறதுக்கு முன்னாடியே துடைக்க எடுத்து வைக்கறீங்க. தொழில் தெரிஞ்சவங்கதான். எங்க பார்லர்லயும் இப்படித்தான், புருவம் எடுக்க உக்கார வச்சதுமே கையில கொஞ்சம் பஞ்சைக் குடுத்துடுவேன். நூல் மேல படறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துடும் சில பேருக்கு.

– பார்லர் வச்சிருந்தீங்களா?

– அந்தக் கதை அப்புறம். முதல்ல நீங்க சொல்லுங்க. எங்க வீட்டு மகராசி இங்க வந்து என்னதான் சொல்றா?

– அதை நான் சொல்லக் கூடாது.

– என்னைப் பத்திச் சொன்னதை என்கிட்டயே சொல்லக் கூடாதா? நல்ல நியாயம்.

– உங்களைப் பத்திச் சொன்னாங்கன்னு நான் சொல்லவே இல்லையே.

– மாமியாரை விட்டுட்டு ஒரு மருமக ஒரு மணி நேரம் வேற என்னத்தைப் பேசுவா? சரி, நீங்க வாயைத் திறக்க வேணாம். நான் கேக்கறேன், தலையை மட்டும் ஆட்டுங்க. நான் குறட்டை விடறதைச் சொன்னாளா?

– அம்மா.

– ஆட்டலை. அப்ப அதைவிட மோசமா ஏதோ சொல்லியிருக்கா.

– இந்த விளையாட்டுக்கெல்லாம் நான் வரமாட்டேன்.

– உங்களுக்கு மாமியார் இருக்காங்களா?

– இருக்காங்க.

– அவங்களைப் பத்தி நீங்க யார்கிட்ட போய்ச் சொல்லுவீங்க?

– எனக்கும் ஒரு கவுன்சிலர் இருக்காங்க. மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பேசுவேன்.

– டாக்டருக்கே டாக்டரா? அப்ப அந்தம்மாவுக்கு?

– அவங்களுக்கும் ஒருத்தர் இருப்பாங்க.

– அப்படியே போனா கடைசியில ஒருத்தி உக்காந்திருப்பாளே, பாவம், அவ எந்தச் சுவத்துல போய் முட்டிக்குவா?

– நல்ல கேள்விதான். நான் ஒண்ணு கேக்கறேன். வழக்கமா உங்க பையன்தானே கார்ல கொண்டுவந்து விடுவாரு? இன்னைக்கு எப்படி வந்தீங்க?

– பஸ்ல. அவனுக்கு ஆபீஸ்ல ஏதோ வேலையாம்.

– போன வாரம் அவர் எனக்கு போன் பண்ணாரு. இன்னும் எத்தனை தடவை வரணும், எப்ப சரியாகும்னு கேட்டாரு.

– கேப்பான். வண்டியை சர்வீஸுக்கு விட்ட மாதிரிதான் அவனுக்கு இது. பொண்டாட்டி மக்கர் பண்றா, கொண்டு போய் விட்டா சரியாகி ஓடும்னு நினைப்பு. அதுவும் உங்களை நம்பி விடலை. என்னை நம்பித்தான் விட்டான். நான் கூடவே போகணும், கதவோரமா உக்காந்து உள்ள பேசறதைக் காதுல வாங்கணும், அன்னைக்கு சாப்பிட உக்காரும்போது அவன்கிட்ட ஒப்பிக்கணும்.

– நீங்க கேட்டீங்களா?

– எங்க கேக்கறது? உங்க ஏசி லாரி மாதிரி உறுமுது. உள்ள நீங்க ரெண்டு பேரும் கொலையே பண்ணிக்கிட்டாலும் வெளிய தெரியாது.

– அப்ப அவர்கிட்ட என்ன சொல்வீங்க?

– நானா ஏதாவது சொல்லி வைப்பேன். உங்க பேர்லதான்.

– என் பேர்லயா?

– கோவிச்சுக்காதீங்க. நீங்க நல்ல நல்ல யோசனையாத்தான் சொல்லியிருக்கீங்க. தினம் சாயங்காலம் அவ தனியா ஒரு நடை நடந்துட்டு வரணும், இல்லாட்டி நரம்பு இழுத்துக்கும்னீங்க.

– நான் அப்படிச் சொல்லவே இல்ல.

– சொன்னீங்க. டாக்டர் சொன்னாங்கன்னதும் அவன் மறுபேச்சுப் பேசலை. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவையாவது அவ அக்காகிட்ட பேசணும், இல்லாட்டி நெஞ்சு அடைச்சுக்கும்னீங்க. கொஞ்ச நாளைக்கு என் ரூம்லதான் படுக்கணும்னீங்க. அதனாலதான் குறட்டையைப் பத்திக் கேட்டேன்.

– நரம்பு இழுத்துக்கும்னு நானா… அம்மா, எனக்குன்னு படிப்பு, லைசென்ஸ் எல்லாம் இருக்கு.

– அதனாலதானே நம்பினான். பெத்தவ சொன்னா கேப்பானா? சிரிக்கறீங்க பாருங்க.

– நான் சிரிக்கலை.

– உதடு துடிக்குதே.

– சரி, சிரிச்சேன். ஆனா எதுக்கு இதெல்லாம் செஞ்சீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?

– நடந்துட்டு வந்தா அவ சமையல் கட்டுல நின்னு ஏதாவது முணுமுணுன்னு பாடுவா. கண்றாவிக் குரல். ஆனா வீட்ல ஒரு சத்தம் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி அவ பாத்திரத்தைக் கூட ஓசைப்படாமத்தான் வைப்பா. அதைப் பாத்தா நான் எழுந்து வெளிய போயிடுவேன்.

– ஏன்?

– நானும் அப்படித்தானே வச்சேன், என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும்.

– உங்க வீட்டுக்காரர் இப்ப…

– போய்ச் சேர்ந்துட்டாரு. சும்மா சொல்லக் கூடாது, போட்டோவுல ரொம்ப நல்ல மனுஷன்.

– நேர்ல?

– நேர்ல பாக்கறதுக்கு நான் வீட்ல இருந்தாத்தானே? விடிஞ்சதும் பார்லரைத் திறந்தா, தெருவுல எல்லாக் கடையும் சாத்தின அப்புறம்தான் பூட்டுவேன். வீட்டுக்குப் போறதைத் தள்ளிப் போடறதுக்காகவே ஊர்ல இருக்கற புருவத்தையெல்லாம் எடுத்துத் தள்ளினேன். யாருமே வராத நாள்ல கண்ணாடியைப் பாத்து என் புருவத்தையே எடுத்துப்பேன். ஒரு சமயம் மொத்தமாப் போயே போச்சு.

– அது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

– எப்படி இருக்கும்? உரிச்ச முட்டை மாதிரி இருந்துச்சு.

– நான் புருவத்தைக் கேக்கலைம்மா.

– தெரியும். அதான் புருவத்தைச் சொன்னேன்.

– உங்க பையனும் அவங்கப்பா மாதிரிதானா?

– அவர் கத்துவாரு. தட்டு பறக்கும். பக்கத்து வீட்ல இருந்து யாராவது எட்டிப் பாத்தா அடங்கிடுவாரு. இவன் கத்தவே மாட்டான். சின்னக் குரல்ல, எங்க போயிருந்தேன்னு கேப்பான். அவ சொல்லுவா. திரும்பவும் அதையே கேப்பான். அவ உக்காரக் கூடாது, தண்ணி குடிக்கக் கூடாது, நின்னுக்கிட்டே பதில் சொல்லணும். விடியற வரைக்கும் அதே கேள்வி. கதவை யாரு தட்டுவா சொல்லுங்க, சத்தம்தான் வெளிய வரலையே.

– டிஷ்யூ எடுத்துக்கோங்கம்மா.

– வேணாம். உங்க ஏசி காத்து கண்ணுல படுது, அவ்வளவுதான்.

– சரி, நான் உங்க மருமகளுக்கு ஒரு போன் பண்ணிடறேன்.

– எதுக்கு? அவ தூங்குவா.

– நீங்க இப்ப சொன்னதைக் கேட்டுட்டு, அவங்க வரலைன்னு நான் பேசாம இருக்க முடியாது. ஒரு வார்த்தை நல்லாயிருக்கேன்னு சொன்னாப் போதும். ரிங் போகுது… உங்க பைக்குள்ள ஏதோ அடிக்குதே.

– அடிக்கட்டும்.

– அது அவங்க போனா?

– ஆமா.

– அவங்க போன் உங்க பையில எப்படி வந்துச்சு?

– வந்துச்சு.

– இவ்வளவு நேரம் நல்லாப் பேசிட்டிருந்தீங்க. இப்ப என் முகத்தைப் பாத்து நேராச் சொல்லுங்க. அவங்களை வீட்ல வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கீங்களா?

– நானா?

– பையன் சொல்லி அனுப்பிச்சாரா? அவங்க என்கிட்ட என்ன பேசினாங்கன்னு தெரிஞ்சுட்டு வரச் சொன்னாரா? அவங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் சும்மா விடமாட்டேன்மா. இப்பவே போலீசைக் கூப்பிடுவேன்.

– தாராளமாக் கூப்பிடுங்க, ஆனா கொஞ்சம் பொறுத்து. இப்ப என் போன் அடிக்குது. வாயே திறக்காதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். சொல்லுப்பா… இல்லப்பா, இன்னும் முடியலை. உள்ளதான் இருக்கா… நானா? வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன்… தெரியலை, அழறா போலிருக்கு. டாக்டர் ஏதோ கண்டிச்சுச் சொல்றாங்க… நீ மேல வராதே. பொம்பளைங்களா உக்காந்திருக்காங்க, நல்லாயிருக்காது. கார்லயே இரு. முடிஞ்சதும் நானே கூட்டிட்டு வரேன்… சரிப்பா. சரி.

– அவர் கீழ கார்லயா இருக்காரு? பஸ்ல வந்தேன்னீங்க.

– பொய் சொன்னேன். மூணு பேரும் கார்லதான் வந்தோம்.

– மூணு பேருமா? அப்ப அவங்க எங்க?

– என்னோடதான் மாடி ஏறினா. ஏறி, அந்தப் பக்கத்துப் படி வழியா பின் தெருவுக்கு இறங்கிட்டா. அவ அக்கா வண்டியோட நின்னுக்கிட்டிருந்தா. போன் கூட இருந்தா எங்க போறான்னு அவனுக்கு மேப்புல புள்ளி வச்சுக் காட்டிடும், அதனால என் பையில போட்டுட்டுப் போனா. இந்நேரம் ஊரைத் தாண்டியிருப்பா.

– இது எப்ப முடிவாச்சு?

– முடிவு அவ பண்ணது. அவன் சந்தேகப்படாம இருக்க, இங்க ஒரு ஆள் இருந்து இன்னும் முடியலை, இன்னும் முடியலைன்னு சொல்லிட்டிருக்கணும். அது மட்டும்தான் என் வேலை.

– அதை வெளிய பெஞ்சுல உக்காந்தே சொல்லியிருக்கலாமே. எதுக்கு உள்ள வந்தீங்க?

– அவளைக் காணோம்னு சொல்றதுக்கு இப்ப நான் கீழ போகணும் டாக்டரம்மா. நான் பெத்த பிள்ளைதான், ஆனா அந்தக் கார்ல தனியா ஏற எனக்குப் பயமா இருக்கு.